புனித வெள்ளியில் ஒரு லட்டு

ஸ்டோர்காரரே,

புனித வெள்ளியன்று உங்கள் வாயில் லட்டைத் திணித்தவன் நான்தான் என்று இன்று மதியம்வரை வெளியாள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டவர்களிடம் பழைய சூப்பர்வைசரைக் கைகாட்டிவிடுவேன். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், வசதியாக இருந்தது.

இன்று காலை, புனித வெள்ளிக்கும் லீவில்லாத நம் எஸ்டேட் ஆபீஸில் நெய் வாசனை. டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் புனித வெள்ளி வாழ்த்துச் சொல்லப் புது கிளார்க் லட்டு டப்பாவோடு நின்றார். பறித்து என் மேஜையில் வைத்துப் பூட்டினேன். (இரண்டைத் தின்றேன். அது வேறு விஷயம்.)

அந்தப் பழைய புனித வெள்ளியன்று ஸ்டோரில் மிளகு எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள். வெள்ளைச் சட்டை, இறுகிய முகம். பண்டிகை யாருடையதானாலும் இனிப்பை வாயில் ஊட்டிவிடுவது நம் ஆபீஸ் வழக்கம். முதல் நாளே ஏற்காடு பஜாரில் லட்டு வாங்கி வைத்திருந்தேன்.

"ஏனுங்க ஸ்டோர்காரரே, பண்டிகையும் அதுவுமா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"இல்லீங்க ரைட்டரே..." என்று வாயைத் திறந்தீர்கள். எனக்கு அது போதுமே!

எடைக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும், "அய்யோ, அவங்க இன்னிக்கு ஒருசந்திங்க, விரதம்!" என்று அலறினாள். நீங்கள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பின்பக்கம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து தராசைப் பிடித்தீர்கள்.

எப்போதும் நீங்களே கொண்டுவந்து தரும் எடைச் சீட்டு, சனிக்கிழமை கணக்கு ரைட்டரான எனக்கு வாட்ச்மேன் கையில் வந்தது. பத்து வருடமாக ஒரே பெஞ்சில் சாப்பிட்டவர்கள் நாம். அன்று நீங்கள் ஸ்டோருக்குள்ளேயே சாப்பிட்டீர்கள். இனி அந்தப் பெஞ்சில் நான் தனியாள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் தூக்குப்போசியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"நொம்ப யோசிச்சேங்க ரைட்டரே. உங்க ஊட்ல எழவு விழுந்தா நான் லட்டோட வருவனுங்களா?"

"மாட்டீங்க. அப்ப நான் என்னதானுங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. பன்னெண்டு மணிக்கு ஸ்டோர் சாவிய வாங்கிக்கிட்டு, சர்ச்சுக்குப் போய்ட்டு வாங்கன்னு அனுப்புங்க. அது போதும்."

அதன் பிறகு வருடந்தோறும் சாவியை வாங்கிக்கொண்டேன். நான் போட்ட எடை ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. மறுநாள் நீங்கள் சத்தமில்லாமல் திருத்தி வைப்பீர்கள். உங்கள் கண்ணில் படாமல் டீ குடித்துவிட்டு, நானும் விரதம் இருந்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இன்று பன்னிரண்டு மணிக்கு டைப்பிஸ்ட் அம்மாவிடம் அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"காலையிலிருந்து எல்லாரும் ஹேப்பி குட் ஃப்ரைடேங்கறாங்க சார். உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?"

உங்களைப் பற்றி, லட்டு உட்பட, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்த அம்மா சும்மா இருக்கக் கூடாதா?

"அப்ப ஈஸ்டருக்கு அவருக்கு என்ன சொல்லி வாழ்த்துனீங்க சார்? அதுதானுங்களே எங்களுக்குச் சந்தோஷமான நாள்."

ஈஸ்டருக்கு நான் உங்களை வாழ்த்தியதே இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை; ஆபீஸ் லீவு.