கழுத்து திரும்பினால் மடங்கும் கை

அன்பு அப்பா, மழைக்குக் கண் சொருகும் நேரத்தில் உங்களை எழுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஈப்போவில் இரண்டு நாளாக விடாத மழை. மலைகள் இருக்கின்றனவா, கரைந்துவிட்டனவா என்றே தெரியவில்லை. மதியம் என் அரைத்தூக்கக் கனவில் நீங்கள் உங்கள் பழைய எஸ்டேட் லாரியை எங்கள் பிளாட் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

என் மாமியாருக்குப் போன மாதம் பக்கவாதம். உங்களைப் போலவே வலது கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பயிற்சி கொடுக்க கோப்பெங்கிலிருந்து மாலா என்ற பெண் வருகிறாள். நான்தான் முந்திரிக்கொட்டை ஆயிற்றே, மாமியாரின் மடங்கிய கையை இழுத்து நீட்டப் போனேன். அது இன்னும் இறுகியது.

"இழுக்காதீங்கக்கா, கழுத்த பாருங்க லா" என்று மாலா மாமியாரின் முகத்தை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள். நெஞ்சோடு ஒட்டியிருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. இடப்பக்கம் திருப்பினாள், மறுபடி மடங்கியது.

"அவங்க வேணும்னு செய்யல. தலை எந்தப் பக்கம் இருக்கோ, அதுக்கு ஏத்த மாதிரி தசை தானா இழுக்குது. எல்லாருக்கும் இப்படி வராது, இவங்களுக்கு இருக்கு."

எனக்கு உங்கள் கைதான் கண்முன் வந்தது, அப்பா.

வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அம்மா உங்கள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னது நினைவிருக்கிறதா? அதனால் வாசல் உங்களுக்கு இடப்பக்கம் வந்தது. யார் வந்தாலும் அந்தப் பக்கம்தான் முகத்தைத் திருப்புவீர்கள். வலது கை நெஞ்சுக்கு மடங்கும்.

செல்வி அக்காவும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தாள். மதம் மாறித் தாப்பா டவுன் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று நீங்கள் பேசாமல் விட்ட மூத்த மகள். விழுந்துபோன கையைத் தடவிக்கொடுக்க எட்டினாள். நீங்கள் அவளையே பார்த்தீர்கள், கை மட்டும் நெஞ்சுக்கு ஓடியது. அவள் இழுக்க இழுக்க இறுகியது.

"தொடக்கூட விடமாட்டேங்கிறாருடி" என்று சொல்லிவிட்டுப் போனவள், உங்கள் காரியத்துக்கும் வரவில்லை.

அது கழுத்தின் வேலை என்று அவளிடம் சொல்லிவிடலாம். மற்றதை எப்படிச் சொல்வது?

அன்று உங்கள் நல்ல கை, இடது கை, அவளுடைய பாஜு குரோங் சட்டையின் ஓரத்தைத் தேடித் துழாவியது. அவள் அழுதபடி வலது கையையே பார்த்திருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் உங்களுக்குச் சோறூட்டியவள் நான். அந்தக் கை என்னை ஒருநாளும் அப்படித் தேடியதில்லை. பொறாமை, அப்பா. வேறென்ன பெயர் வைப்பது?

இப்போதுதான் அவளுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வாரேன்க்கா."

"என்னடி, திடீர்னு? யாருக்காச்சும் முடியலையா?"

"இல்ல. நேர்ல சொல்றேன்."

"மழையா இருக்கு, பார்த்து வா" என்றாள்.

காலையில் பஸ் ஏறுகிறேன். மாலா சொன்னதை முதலில் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடது கையைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

இரண்டு பேருக்கும் பொதுவான அப்பாவைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்ட,
உங்கள் சின்ன மகள் கலா