ஒரு வளையம் மட்டும் தடிமன்

நாகரசம்பட்டி
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் நானும் ரூபியும் பையன் எட்சனும் சுகம். நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். என் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டாய், அதனால் தபால். எட்டு வருஷம் கழித்து எழுதினாலும் அதே கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்.

ரோட்டை அகலமாக்குகிறார்கள் என்று மோட்டார் கொட்டகைப் பக்கத்துத் தேக்கைப் போன மாதம் வெட்ட வேண்டியதாயிற்று. அடிமரத்தில் ஒரு வில்லை அறுத்து வாங்கி, ஓசூர் பஸ் கண்டக்டர் வெங்கடசாமியிடம் கொடுத்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். பெங்களூரு ஆபீஸில் நீ மரத்து வளையங்களைத்தானே எண்ணுகிறாய். இதன் வயதையும் எண்ணிச் சொல். பஞ்சாயத்தில் கேட்கிறார்கள்.

ரூபி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
பென்சன்

*

ஓசூர்
27.6.2025

பென்சனுக்கு,

வில்லை வந்தது. மரத்தின் வயது முப்பத்தொன்று. 1994 மழைக்கு நட்டிருக்க வேண்டும்.

வளையங்கள் முப்பத்திரண்டு இருக்கின்றன. நீயே எண்ணிப் பார்த்துவிட்டு நான் தப்பாகச் சொல்கிறேன் என்று ஊரில் சொல்லக் கூடாது, அதனால் காரணத்தையும் எழுதுகிறேன். முதல் மழைக்குத் தேக்கு துளிர்க்கும்போது மரத்துக்குள் பெரிய துளைகள் வரிசையாக உண்டாகும். அந்த வரிசைதான் வருஷத்தின் ஆரம்பம். சில வருஷம் மழை நடுவில் நின்றுவிட்டு மறுபடி பிடிக்கும். அப்போது மரம் ஏமாந்துபோய் ஒரே வருஷத்தில் இரண்டு வளையம் போட்டுவிடும். அப்படி ஒரு பொய் வளையம் இதில் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

லிபியா

*

நாகரசம்பட்டி
5.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வயது மட்டும் போதாது. எந்த வருஷம் எப்படி வளர்ந்தது என்றும் பார்த்து எழுது. சிரமம்தான், இருந்தாலும் எழுது.

பென்சன்

*

ஓசூர்
14.7.2025

பென்சனுக்கு,

வேலை நேரம் முடிந்த பிறகு நான்கு நாள் உட்கார்ந்து அளந்தேன். என் அளவு சரியா என்று கூட வேலை செய்கிற சுகுணா ஒருமுறை அளந்து பார்த்தாள். மத்தூர், ஊத்தங்கரைப் பக்கத்துத் தேக்குகள் பத்தின் அளவுகள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டேன்.

நல்ல மழை வருஷத்தில் வளையம் அகலம், வறண்ட வருஷத்தில் ஒல்லி. ஒரே வானத்துக்குக் கீழே நிற்கிற மரங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுதிவைக்கும். 2005 எல்லாவற்றிலும் அகலம். 2015-உம் அகலம். 2016-இல் மழை கைவிட்டது, பத்து மரத்திலும் வளையம் நகக் கீறல் போல இருக்கிறது.

உன் மரத்தில் மட்டும் 2016 ஏழு மில்லிமீட்டர். முப்பத்தொரு வருஷத்தில் அதுதான் தடிமனான வளையம்.

இதன் அர்த்தம் உனக்குத் தெரியும். 2015-இல் என் பங்கு நிலத்தில் நாற்பது செந்தூரா மாங்கன்று வைத்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார். 2016 ஜூனிலிருந்து என் பக்கம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. போரிலேயே தண்ணீர் இல்லை என்றாய். கிறிஸ்துமஸுக்குள் நாற்பதும் சருகாகிவிட்டன. புது வருஷ ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் உன்னைத் தண்ணீர்த் திருடன் என்று சொன்னேன். உன் வாசலை இனி மிதிப்பதில்லை என்றும் சொன்னேன். என் பங்கை விற்றேன், இன்று அங்கே கம்பெனி ஷெட் நிற்கிறது. கோபத்தில் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பல நாள் நினைத்ததுண்டு.

இனி நினைக்க வேண்டியதில்லை. வானத்தில் இருந்து வராத தண்ணீரை அந்த மரம் குடித்திருக்கிறது. என் கன்றுகளுக்கு விடாமல் உன் தேக்குக்கு விட்டாய்.

லிபியா

*

நாகரசம்பட்டி
21.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படித்தது சரி. மரம் குடித்தது உன் தண்ணீர்தான். ஆனால் நான் விடவில்லை.

2017 மார்ச்சில் கொட்டகைப் பக்கம் தரை எப்போதும் ஈரமாய் இருக்கிறதே என்று தோண்டிப் பார்த்தேன். உன் பக்கம் போகிற பைப், தேக்கின் வேர் நெருக்கி மூன்றடி நீளத்துக்குக் கிழிந்திருந்தது. போரில் வந்த கொஞ்சத் தண்ணீரும் அங்கேயே இறங்கியிருக்கிறது. அன்றைக்கே மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த மரமும் மற்ற மரங்களைப் போலத்தான் வளர்ந்திருக்கும், பார்த்துக்கொள்.

உனக்குச் சொல்லவில்லை. ஊர் முன்னால் திருடன் என்றாய், முதலில் நீ வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். நியாயம் என் பக்கம் இருக்கிறது என்பதே அப்போது எனக்குப் போதுமானதாக இருந்தது. அப்புறம் 2019-இல் அம்மா நோயில் படுத்தது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும், "லிபியா வந்துட்டாளா பாருடா"ன்னு கேக்கும். பைப் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வந்திருப்பாய். நான் சொல்லவில்லை. அம்மா போன பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது.

மரத்தை வெட்டிக் கொண்டுபோனபோது அறுவை மில்லில் மணிவேல், இந்த ஒரு வளையம் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டார். அங்கேயே உனக்கு ஒரு வில்லை அறுத்துத் தரச் சொன்னேன். பஞ்சாயத்தில் யாரும் வயது கேட்கவில்லை. அது ஒரு சாக்கு. என் வாயால் சொல்ல முடியாததை நீயாகவே பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ பார்த்தாய், ஆனால் பாதிதான் பார்த்தாய். மீதியை நான்தான் எழுத வேண்டியிருந்தது.

பென்சன்

*

ஓசூர்
2.8.2025

தம்பி பென்சனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன்.

வில்லையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 2017-இலிருந்து உன் மரமும் மற்ற மரங்களும் ஒன்றுதான். 2018-இல் எல்லாம் இளைத்தன, அதுவும் இளைத்தது. ஒரு வருஷம் மட்டும் தண்ணீர் குடித்த மரத்துக்கு அடுத்த வருஷம் ஏன் கிடைக்கவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது கொண்டுவந்த மரமாயிருந்தால் கேட்டிருப்பேன். உன் மரம் என்பதால் எனக்கு வேண்டியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

நீ திருடன் இல்லை. கோயில் வாசலில் சொன்னதைத் தப்பு என்று கோயில் வாசலிலேயே சொல்கிறேன்.

நீ சொல்லாமல் இருந்தது வேறு. மூன்று மாதம் அம்மா கிடந்தது. ரூபி இரண்டு முறை போன் செய்தாள். நான் வரவில்லை. அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்தோடு திரும்பினேன். கோபம் உன் மேல் பாதி, என் மேல் பாதி. உன் பாதியை இப்போது மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். மன்னிக்க எப்போது மனம் வரும் என்றும் தெரியவில்லை.

ஆனாலும் வருகிறேன். வருகிற ஒன்பதாம் தேதி சனிக்கிழமை எனக்கு லீவு. கிருஷ்ணகிரியில் பஸ் மாறி பதினொரு மணிக்குள் வந்துவிடுவேன். ஸ்டாப்பில் வந்து நிற்காதே, எனக்கு வழி தெரியும். அம்மா படுத்திருந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அப்போது நீ உள்ளே வராதே. அதற்குப் பிறகு உன்னோடு எவ்வளவு பேச முடிகிறது என்று பார்க்கலாம்.

எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல் ரூபியிடம்.

அக்கா,
லிபியா