கரையில் ஒரு சிவப்புப் புள்ளி

நவம்பர் 5, புதன்

இந்த நோட்டை என்றைக்காவது நானே திரும்பப் படிக்கும்போது கோபப்படக் கூடாது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். 'ழ' போடும்போது கை எங்கோ போய்விடுகிறது. என் 'ஞ' கால் தடுக்கி விழுந்த ஆள் மாதிரி கிடக்கிறது. மன்னிச்சுக்கோ தயாளா. எழுபத்தோரு வயதில் பிடித்த பேனா. நாற்பத்தைந்து வருடம் பெயின்ட் பிரஷ் பிடித்த கை, ஒரு கோடு போடச் சொன்னால் சுவர் அகலத்துக்குப் போடப் பார்க்கிறது. இதுவரை எழுதியதற்கு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆகட்டும். நான் எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறேன்?

தினமும் நாலு வரி எழுதச் சொன்னது கீதா டீச்சர். முதியோர் வகுப்பில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர்.

இன்று காலை வானம் மப்பு. ஏரிக்கரைக்குப் போய் போனில் ஒரு படம் எடுத்தேன். தண்ணீர், எதிர்க்கரை, வானம், அவ்வளவுதான். காலனி போட்டோ சங்கம் மாதக் கடைசியில் கண்காட்சி வைக்கிறது. யாரும் படம் தரலாம். தேர்வானால் படத்துக்குக் கீழே, எடுத்தவர் தன் கையாலேயே அட்டையில் தலைப்பும் பெயரும் எழுதி வைக்க வேண்டும். நோட்டீஸ் போர்டில் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

சேலையூரிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் எத்தனை சுவர் அடித்திருப்பேன்! ஒன்றிலாவது என் பெயர் உண்டா? இந்தச் சுவரில் வரணும்.

நவம்பர் 9, ஞாயிறு

சங்கத்தை நடத்துவது பத்ரிநாராயணன் சார். பாங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். ஹாலில் பெரிய டிவியில் என் படத்தைப் போட்டார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"லைட் ரொம்ப ஃப்ளாட்டா இருக்கு, தயாளன்."

"அப்படின்னா இன்னா சார்?"

"நிழலே இல்லை. நிழல் இல்லேன்னா எது மேடு, எது பள்ளம்னு கண்ணுக்குத் தெரியாது. கரை, தண்ணி, வானம் எல்லாத்தையும் ஒரே தகட்டுல ஒட்டி வெச்ச மாதிரி இருக்கு பாருங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவா எனக்குத் தெரியாது? பட்டி வைத்த சுவரில் மேடு பள்ளம் பார்க்க, பல்பைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிப்போம். குறையெல்லாம் எழுந்து நின்றுவிடும். வேலை சுமாராக முடிந்திருந்தால் மப்பு நாளாகப் பார்த்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். வெயில் வருவதற்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இதைச் சொன்னதும் ஹாலே சிரித்தது. பத்ரி சார் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் முன்பு அவர் வீட்டுக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன்.

"எங்காத்தை நீங்க காட்டின அன்னிக்கு மப்பா?" என்று கேட்டார்.

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு குறைகளைச் சொன்னார். வானம் பாதிப் படத்தைத் தின்கிறதாம், வெட்டணும். தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்கிறதாம். அது உண்மைதான், அப்படியே விட்டால் ஏரி ராஜகீழ்ப்பாக்கத்துக்குள் ஊற்றிவிடும். அப்புறம் எதிர்க்கரையில் ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணைத் தேவையில்லாமல் இழுக்கிறது, எடுத்துடுங்கோ என்றார்.

"எடிட் பண்ணி அடுத்த ஞாயிறு கொண்டு வாங்கோ."

நவம்பர் 11, செவ்வாய்

மருமகள் வினிதா சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போனிலேயே எடிட் செய்வது எப்படி என்று காட்டினாள். சாய்வைச் சரி செய்ய நான் ரசமட்டத்தை எடுத்து வந்து போன் மேல் வைத்தேன்.

"மாமா! போனை இல்ல, படத்தை நிமித்தணும்!"

நிமிர்த்தினேன். வானத்தை வெட்டினேன். சிவப்புப் புள்ளி மேல் விரலை வைத்துத் தேய்த்தேன், போயே போய்விட்டது! ஆணி ஓட்டையில் பட்டி வைத்து அடைத்த மாதிரி, தடயமே இல்லை. இதற்கா நாங்கள் ஆயுசு முழுக்க உப்புத்தாள் தேய்த்தோம்?

நவம்பர் 12, புதன்

ஆசையாகப் பொன்னியம்மாளிடம் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டு போனாள், எட்டப் பிடித்தாள்.

"எப்போ எடுத்தே?"

"போன புதங்கெழம காலைல."

"எதிர்க்கரைல டீக்கடை பெஞ்சு கீது. பெஞ்சுல நான் குந்தினு இருந்தேனே. எங்க நானு?"

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து தினமும் காலையில் ஏரியைச் சுற்றுகிறாள். அன்றைக்குச் சிவப்புச் சேலை. ஐயோ.

"அது நீயா?"

"எது நானா?"

"அந்தப் புள்ளி."

சொல்லியிருக்கவே கூடாது.

"நாப்பத்தெட்டு வருசம் உன்கூடக் குப்பை கொட்டினவ உனக்குப் புள்ளியா? அந்தப் புள்ளியையும் ஒத்தை விரல்ல தேச்சுட்டியா? இன்னாயா இது, பெஞ்சை வுட்டுட்டு என்னைத் தூக்கிக்கீறே!"

பத்ரி சார்தான் எடுக்கச் சொன்னார் என்றேன்.

"அவரு பொண்டாட்டியை அவரு தேச்சுக்கட்டும்."

நவம்பர் 13, வியாழன்

பேச்சு இல்லை. குழம்பும் இல்லை. மோர்.

நவம்பர் 14, வெள்ளி

வினிதா புண்ணியம் கட்டிக்கொண்டாள். முதலில் எடுத்த படம் போனுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறதாம், ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தாள். பொன்னியம்மாள் மறுபடி பெஞ்சில். வானத்தை மட்டும் வெட்டி, சாய்வை மட்டும் நிமிர்த்தி பத்ரி சாருக்கு அனுப்பினேன்.

புள்ளி இருக்கிறதே என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்றேன். அப்படியானால் கலரை எடுத்துவிட்டு ப்ளாக் அண்ட் ஒயிட்டாக மாற்றுங்கோ, இந்த லைட்டுக்கு எடுப்பாக இருக்கும், புள்ளியும் உறுத்தாது என்று பதில் வந்தது. மாற்றினேன். எடுப்பாகத்தான் இருந்தது. பொன்னியம்மாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் காணாம அடிச்சே. இன்னிக்குக் கரிக்கட்டை ஆக்கிட்டே."

மறுபடி மோர்.

நவம்பர் 15, சனி

படத்தில் மேடு பள்ளம் வரவழைக்க, வெளுப்பை வெளுப்பாக்கிக் கறுப்பைக் கறுப்பாக்கும் கோடு ஒன்று போனில் இருக்கிறது, அதை விரலால் தள்ளிப் பார்த்தேன். கரை அழுக்கானது. கலரை ஏற்றினேன். ஏரி பச்சை மை ஆனது. எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டேன். ஏன் ஏற்ற ஏற்றக் கெடுகிறது? சுவரில் இப்படி ஆனால் நான் என்ன செய்வேன்?

நவம்பர் 16, ஞாயிறு

ராத்திரி தூங்காமல் யோசித்ததை இன்று ஹாலில் எழுந்து நின்று சொன்னேன்.

"சார், நீங்க சொன்னது நெசம். இந்த வெளிச்சத்துல மேடு பள்ளம் வராது, இன்னா ஏத்தினாலும் அழுக்குதான் வருது. ஆனா கலரு பாக்கணும்னா நாங்க மப்பு நாளைத்தான் தேடுவோம். வெயில்ல மஞ்சளும் பொய் சொல்லும், வெள்ளையும் பொய் சொல்லும். மப்புலதான் கலரு உள்ளபடி தெரியும். சுவரு பூரா சாம்பல் அடிச்சா வூடு ஆஸ்பத்திரி மாதிரி கீது. கீழ அரக்குச் செவப்புல சன்னமா ஒரு பட்டை ஓட்டினா வூடு எழுந்து நின்னுடும். இந்தப் படத்துக்கு அந்தப் பட்டை எங்க வூட்டம்மாதான். எடுத்துட்டா வெறும் சாம்பல் சார்."

பத்ரி சார் டிவி அருகே போனார். கட்டை விரலால் புள்ளியை மறைத்தார். எடுத்தார். மறைத்தார். எடுத்தார்.

"அவங்க இல்லேன்னா படமே இல்லை," என்றார். "பெரிசா பிரின்ட் போடுங்கோ, தயாளன். கலர்லயே."

வந்திடுச்சு! என் படம் வந்திடுச்சு!

மத்தியானம் வத்தக்குழம்பு. அப்பளம்கூட.

நவம்பர் 20, வியாழன்

கேம்ப் ரோடு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரின்ட் போட்டு வாங்கி வந்து மேசையில் விரித்தேன். வினிதா ஆபீசில். பொன்னியம்மாள் பெருமையாகக் குனிந்தாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தேன்.

இடது கையில் பேப்பர். பேப்பரில் போண்டா. வலது கையில் பாதி போண்டா. மீதிப் பாதி எங்கே என்று கன்னத்தைப் பார்த்தால் தெரிகிறது.

வெயில் நாளாக இருந்திருந்தால் டீக்கடைக் கூரையின் நிழலில் எல்லாம் மறைந்திருக்கும். மப்பு வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இதைப் பத்ரி சார் சொல்லவில்லையே!

ஒவ்வொரு மாதமும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது வினிதா. "அத்தை இவ்ளோ நடக்கறாங்க, சுகர் எப்படி ஏறுது?" என்று மண்டையை உடைத்துக்கொண்டு, போன மாதம் லேப்காரரோடு சண்டையே போட்டுவிட்டு வந்தாள்.

"அம்மாந்தூரத்துல வாய் தெரியும்னு எனக்கு இன்னா தெரியும்?" பொன்னியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

போண்டாவை மட்டும் தேய்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். தேய்த்தால் போண்டாவோடு கையும் போகிறது. இன்னொரு முறை தேய்த்தேன், முழங்கை வரைக்கும் போய்விட்டது. திருப்பி வைத்தேன். இருந்தால் முழுசாக இருக்கணும், இல்லையென்றால் முழுசாகப் போகணும்.

"வேணாம், பொன்னி. படத்தையே தர வேணாம். வினிதா பாத்தா உனக்குத்தான் பேஜாரு."

சொல்லிவிட்டுப் பிரின்ட்டைச் சுருட்டத் தொடங்கினேன். அவள் அலமாரிக்குப் போய்ப் பழைய காலண்டர் தாள்களை எடுத்து வந்தாள். அட்டைக்காக நான் பெயர் எழுதிப் பழகிய தாள்கள். ஒளித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தேன்.

"எத்தினி வாட்டி எழுதினே?"

"எண்ணல."

"போடுயா படத்தை. துன்னவ நானு. உன் பேரு ஏன் போவணும்?"

நவம்பர் 30, ஞாயிறு

வாசலிலிருந்து மூன்றாவது படம் என்னுடையது. கீழே அட்டை. 'ஏரிக்கரையில் பொன்னியம்மாள். எடுத்தவர்: தயாளன்.' ஒரே மூச்சில் எழுதினேன், அடித்தல் இல்லை.

ஐந்து மணிக்கே பொன்னியம்மாள் வந்து படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். யார் வந்தாலும், "அதோ அந்த யானைப் படம் நல்லா கீது, அதைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பினாள். என் படத்தை யாருமே பார்க்கவில்லை. பத்ரி சாரே வந்து, "அம்மா, சித்த நகருங்கோ. படத்துல இருக்கறவங்களே படத்தை மறைச்சா எப்படி?" என்று கெஞ்சினார். அரை அடி நகர்ந்தாள்.

ஆறரைக்கு வினிதா வந்தாள். அட்டையைப் படித்து, "மாமா, உங்க எழுத்தா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"அத்தை."

"இன்னாம்மா?"

"லேப்காரர்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்."

பொன்னியம்மாள் யானைப் படத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல நானும் உங்ககூட நடக்க வர்றேன்," என்றாள் வினிதா. அதுதான் பயமாக இருந்தது.

பரிசு யானைக்குப் போனது.

டிசம்பர் 1, திங்கள்

ஆறு மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஏரியைச் சுற்ற முக்கால் மணி போதும். ஏழரை ஆகியும் காணவில்லை. டீக்கடையில் ஏதாவது ரகளையா? செருப்பு மாட்டிக்கொண்டு புறப்படப் போனேன், கேட் சத்தம். இருவரும் சிரித்துக்கொண்டே வருகிறார்கள்.

"மாமா," என்றாள் வினிதா, "அந்தக் கடை சட்னில புதினா போடறாங்களா என்ன?"

புதிய சட்டம் போட்டுவிட்டாள். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, ஆளுக்கு ஒரு போண்டா. மற்ற நாள் பெஞ்சில் உட்காரவே கூடாது. சட்டம் மறக்காமல் இருக்க, கண்காட்சியிலிருந்து வந்த படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டாள், அட்டையோடு. ஆணி அடித்தது நான்.

நாளை மறுநாள் எனக்கும் ஒன்று உண்டாம். போன் எடுத்து வரக் கூடாது என்பது பொன்னியம்மாள் போட்ட சட்டம். விரல் வலிக்கிறது, இந்த வாரத்துக்கு இது போதும். அந்தப் போண்டாவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தின்று பார்த்து, அடுத்த வாரம் நிதானமாக எழுதுகிறேன்.