வெள்ளிக்கிழமைக் கேக்கும் என் மகனின் வயிறும்

அனுப்புநர்:
நிவி ஓல்ஸ்விக்,
மீன் ஆலைத் தொழிலாளி,
ஸ்கார்ஹோல்ம், டென்மார்க்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
குழந்தைகள் நலக் குழு,
ஸ்கார்ஹோல்ம்.

பொருள்: என் மகன் மினிக்கின் (வயது 3) வயிற்றுப்போக்குக்கு நானே காரணம் எனக் கூறி, அவனை நான் சந்திப்பதைக் குறைக்க வரும் மார்ச் 14 அன்று முடிவெடுக்க இருப்பது – அதற்கு முன் சர்க்கரைச் செரிமானப் பரிசோதனை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கிரீன்லாந்துக்காரி. ஆறு ஆண்டுகளாக இவ்வூரில் வேலை செய்கிறேன். பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறான், வீட்டில் ஒழுங்காக உணவில்லை என்று பகல்நேரக் காப்பகம் எழுதியதன் பேரில், சென்ற செப்டம்பரில் தங்கள் அலுவலகம் அவனை லிஸ்பெத் அம்மையாரின் வளர்ப்பு வீட்டில் சேர்த்தது. காப்பகத்தில் அவனுக்குத் தினமும் மூன்று வேளை பழமும் பழச்சாறும் கொடுத்தார்கள். அது ஆகாது என்று அப்போது எனக்கும் தெரியாது.

2. டிசம்பர் முதல் வெள்ளிதோறும் மாலை மூன்று மணிக்கு, தங்கள் அலுவலர் டோவே அம்மையார் முன்னிலையில், ஒரு மணி நேரம் என் மகனைப் பார்க்கிறேன். முதல் வாரம் காய்ந்த மீன் கொண்டுபோனேன். “ஐயோ, என்ன நாத்தம்! இதையா பிள்ளைக்குக் குடுக்குறீங்க?” என்று அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மினிக் இரண்டு மீனைத் தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினான். அறிக்கையில் ‘வயதுக்குப் பொருந்தாத உணவு’ என்று ஏறியது. இனி நான் வெறுங்கையோடு வர வேண்டும், கேக் அலுவலகமே வாங்கி வைக்கும் என்று சொல்லப்பட்டது. நாலு பேர் உட்கார்ந்தால் நடுவில் கேக் இல்லாமல் இந்நாட்டில் ஒன்றும் நடப்பதில்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்துவைத்துப் பார்ப்பதற்கும் கேக் வேண்டியிருக்கிறது.

3. என் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பதினொரு சனிக்கிழமைகளில் ஒரே வாசகம்: ‘தாயைச் சந்தித்த இரவு வயிற்றுப்போக்கு. குழந்தையின் உடல் தாயை ஏற்க மறுக்கிறது.’ அதே கோப்பில் லிஸ்பெத் அம்மையாரின் நாட்குறிப்பும் இருக்கிறது. அவர் நல்லவர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் வீட்டில் திங்கள் முதல் வியாழன் வரை இனிப்பே கிடையாது. கறுப்பு ரொட்டி, இறைச்சி, பால். அந்த நாட்களில் மினிக் நன்றாக இருக்கிறான், எடையும் கூடுகிறது. வெள்ளி இரவு மட்டும், இங்கே எல்லா வீட்டிலும் போல, குழந்தைகளுக்கு ஒரு கிண்ணம் மிட்டாய். பனிப்புயலால் சந்திப்பு ரத்தான வெள்ளியன்றும் மிட்டாய் தின்றான், அன்றிரவும் வயிற்றால் போயிற்று. அதற்கு ‘தாயைக் காணாத ஏக்கம்’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, பார்த்தாலும் என் குற்றம், பார்க்காவிட்டாலும் என் குற்றமா?

4. சர்க்கரை என்பது இரண்டு சிறு சர்க்கரைகள் ஒட்டியது. அதை வெட்டிப் பிரிக்கும் நொதி சிறுகுடலின் சுவரில் இருக்க வேண்டும். எங்கள் மக்களில் சிலருக்கு அது பிறவியிலேயே இல்லை. வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. வயிறு உப்புகிறது, வலிக்கிறது, போகிறது. பாலின் சர்க்கரை வேறு; அதற்கு வேறு நொதி. கிரீன்லாந்தின் நூக் நகரில் இருக்கும் என் தாய்மாமாவுக்கும் இதே குறை. தொலைபேசியில் சொன்னபோது சிரித்தார்: “அடியே, அவன் என்னை மாதிரிதான். கேக்கை நிறுத்திப் பாரு, ரெண்டே நாள்ல ஓடியாடுவான்!” எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒரு மாமா போதும். இங்கே இத்தனை பக்கக் கோப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

5. ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கேக்கை அவன் வாயில் ஊட்டியது நான்தான். இரண்டாம் வாரம் அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். டோவே அம்மையார் பேனாவை எடுத்தார். ‘தாய் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடுவாரோ என்று பயந்து, சிரித்துக்கொண்டே, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினேன். பதினொரு வாரம் ஊட்டினேன். என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

6. மருத்துவரிடம் கேட்டேன். பிள்ளை தங்கள் பொறுப்பில் இருப்பதால் பரிசோதனைக்குத் தாங்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்றார். ஆகவே, பதினான்காம் தேதிக்கு முன் அதற்கு உத்தரவிட வேண்டுகிறேன். முடிவு தெரியும்வரை வெள்ளிக்கிழமையும் அவனுக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டாம் என்று லிஸ்பெத் அம்மையாருக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பரிசோதனை செய்ய மனமில்லையென்றால், சந்திப்பை நிறுத்திக்கொள்ளுங்கள்; கூடவே கேக்கையும் மிட்டாயையும் நிறுத்துங்கள். அவன் தேறிவிடுவான். நான் வராததால்தான் தேறினான் என்று கோப்பில் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

இடம்: ஸ்கார்ஹோல்ம்
நாள்: மார்ச் 3

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நிவி ஓல்ஸ்விக்
(மினிக்கின் தாய்)