மூன்று நாட்கள் என் பையில் இருந்த கடிதம்

நேற்றுக் காலை ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் நாலைந்து தாள்கள். தேர்தல் வருகிறதல்லவா, கருத்துக்கணிப்பாம். நாளைக்கே தேர்தல் நடந்தால் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றேன். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். "தெரியாதுன்னே எழுதும்மா" என்று என் வாய் தானாகச் சொன்னது. அது என் வார்த்தை இல்லை, சேர், உங்களுடையது. "தெரியாது எண்டுறதும் ஒரு பதில்தான், எழுதும்" என்று நீங்கள் எனக்குச் சொன்ன அந்த மழைக்காலம் முழுவதும் நேற்றுப் பகல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

தொண்ணூறுகளில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், நாம் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்தோம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர். நான் இங்கேயே லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, இன்னும் நிரந்தரமாகாத உதவி ஆசிரியர். தேர்தலுக்கு முன் விடுமுறையில் கொழும்பு நிறுவனம் ஒன்று கணிப்பு எடுக்க ஆள் தேடியபோது நீங்கள்தான் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். "உங்கடை சனம் என்ன நினைக்குது எண்டு இந்த நாட்டிலை ஆரும் கேட்டதில்லை" என்றீர்கள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்கள் நம் பொறுப்பு. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிப் போகவேண்டும். அதற்காக லயங்களையும் பாதைகளையும் வரைந்து, வீடுகளுக்கு இலக்கமிட்டு ஒரு வரைபடம் தயாரித்தேன். வழி தவறாமல் இருக்க அணைக்கட்டையும் பாலத்தையும் குறித்தேன். அழகாக வந்திருந்தது. உங்களிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

முதல் நாள் பெரும்பாலானோர் "சங்கத் தலைவர் சொல்ற பக்கந்தான் சேர்" என்று முடித்துக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கப் போய்த் திரும்பிய ஒரு அம்மா மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நம்மைச் சந்தேகமாகப் பார்த்தார். "நான் சொல்றத அப்புடியே எழுதுவீங்களா?" என்று கேட்டார். நீங்கள் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினீர்கள். அவர் சிரித்த சிரிப்பை நீங்கள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசினீர்கள். அன்று மழை. நிறுவனம் தந்த அதிகாரக் கடிதத்தை மடித்து என் பையில் வைத்தீர்கள். "உம்மடை பையிலை இருந்தால் நனையாது."

மறுநாள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நீங்கள் அணைக்கட்டுக்கு மேலே இருந்த தோட்டத்துக்கு, நான் கீழ்ப்பிரிவுக்கு. வரைபடம் உங்களிடம், கடிதம் என்னிடம். இருவருமே அதை யோசிக்கவில்லை.

பிற்பகல் பஸ் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி ஓடிவந்தார். "சேர், ஒங்க கூட வர்ற யாழ்ப்பாணத்து சேர செக் பொயின்ட்ல புடிச்சிட்டாங்க. டேம் படம் வரஞ்சி வச்சிருந்தாராம். ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்க."

நான் செய்திருக்க வேண்டியது அந்த பஸ்ஸிலேயே ஏறி, பொலிசுக்குப் போய், கடிதத்தைக் காட்டி, படம் வரைந்தது நான்தான் என்று சொல்வது. நான் வீட்டுக்குப் போனேன்.

பயம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அன்று என் தலைக்குள் ஓடியதை நான் மறக்கவில்லை. நிரந்தர நியமனத்துக்கான நேர்முகம் அடுத்த மாதம். படத்தில் இருப்பது என் கையெழுத்து. நிறுவனத்துக்காரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் படித்தவர், பேசிச் சமாளித்துவிடுவீர்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அன்றைய பொழுதைக் கடத்தினேன். அடுத்த நாளையும். அதற்கடுத்த நாளையும்.

என் மனைவி தடுத்திருந்தால் அவள் மேல் பழியைப் போட்டிருப்பேன். அவள் தடுக்கவில்லை. "அந்த சேருக்கு இங்க யாருங்க இருக்கா? போயிட்டு வாங்க" என்று முதல் நாள் சொன்னாள். இரண்டாம் நாள் "இன்னும் போகலையா?" என்றாள். மூன்றாம் நாள் என்னுடன் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் என் பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "நீங்க போகலன்னா நான் போறேன்." அதன் பிறகுதான் நான் போனேன்.

ஸ்டேஷனில் அதிகாரி கடிதத்தை வாசித்தார். கொழும்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. என்னை யாரும் அடிக்கவில்லை, உட்காரச் சொன்னார்கள். ஒரு கேள்விதான் கேட்டார், சிங்களத்தில்: "இதை ஏன் அன்றைக்கே கொண்டுவரவில்லை?"

உங்களை அழைத்து வந்தார்கள். சட்டையில் பொத்தான்கள் இல்லை. நான் ஏதோ சொன்னேன். நீங்கள் முகத்தைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பிறகு கடைசிவரை நீங்கள் அப்படித்தான் கேட்டீர்கள்.

"படம் ஆர் கீறினது எண்டு கேட்டவை. நான்தான் எண்டு சொன்னனான்" என்றீர்கள் பஸ்ஸில். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கடிதம் தொலஞ்சி போச்சு சேர். கொழும்புக்குப் போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், அதான் சொணங்கிடுச்சு" என்றேன்.

அதை மடித்து என் பையில் வைத்தவர் நீங்கள். ஸ்டேஷனில் மேசைமேல் கிடந்த தாளில் அந்த மடிப்பும் இருந்தது, மழைக்கறையும் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். ஆனாலும் "எனக்காகக் கொழும்பு வரைக்கும் போனனீரோ" என்றீர்கள். கேள்வியா, நன்றியா என்று தெரியாத குரல். நம் படிவங்களை பொலிஸ் திருப்பித் தரவில்லை. கணிப்பு முடிவு பேப்பரில் வந்தபோது அந்த அம்மாவின் பதில் அதில் சேர்ந்திருக்கவில்லை.

எனக்கு நியமனம் கிடைத்தது. நீங்கள் மாற்றல் வாங்கிக் கொழும்புக்குப் போனீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எழுதினீர்கள். ஒரு கடிதத்திலும் அந்த நாட்களைத் தொடவில்லை.

போன வருடம் உங்கள் மரணச் செய்தி கிடைத்துக் கொழும்பு வீட்டுக்கு வந்தேன். நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். என் பெயரைச் சொன்னதும் உங்கள் மனைவி எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள்தானே! அவர் உங்களைப் பற்றிச் சொல்லாத நாளில்லை. நீங்கள் கொழும்புக்குப் போய்க் கடிதம் எடுத்துக்கொண்டு வந்திராட்டி இவரை நான் கண்டிருக்கவே மாட்டன்." பக்கத்தில் நின்ற மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, இந்த மாமாதான்." அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டு வணங்கினாள்.

நான் தடுக்கவில்லை. ஆம் என்பதுபோல் தலையை அசைத்தேன்.

எல்லாம் தெரிந்தும் உங்கள் வீட்டில் என்னை நல்லவனாக வைத்திருந்தீர்கள். அந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறேன், எழுந்துவரத் துணிவில்லை. உங்கள் மனைவிக்கு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் பதில் எழுத முடியாத உங்களுக்கு எழுதுகிறேன். நான் கொழும்புக்குப் போகவில்லை. மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தேன்.