கலர்காரனின் கடைசி மாதம்

மார்ச் 3
கடையில் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் முப்பது வாளி இறங்கியது. இரண்டில் மூடி உடைசல். லாரிக்காரனிடம் அதன் விலையை அங்கேயே கழித்துக்கொண்டேன். மாலையில், பெயிண்ட் கலந்து கொடுக்கும் கலர்காரன் ஒரு தாளை நீட்டினான். ஒரு மாத நோட்டீஸ். வேலையை விடுகிறானாம்.

"எங்கடா போறே?"

"எதிர் கடைக்குண்ணே."

பதினோரு வருஷம்! டப்பா திறக்கத் தெரியாமல் வந்தவன். இன்று சுவரைப் பார்த்தாலே எந்தக் கலரில் எத்தனை சொட்டு என்று சொல்வான். எல்லாம் அவன் தலைக்குள்தான், எழுத்தில் ஒன்றும் இல்லை. கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

"ஒரு மாசம் இருந்து, புதுசா வர்றவருக்குக் கலவையெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேண்ணே."

"எதுக்கு, உளவு பாக்கவா?"

மார்ச் 4
ஒரு மாதச் சம்பளம் மிச்சம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். மனசு ஆறவில்லை.

மார்ச் 9
வந்தான். வேலை செய்த மூன்று நாள், நோட்டீஸ் மாதம், எடுக்காத விடுப்பு பதினான்கு நாள் – எல்லாவற்றுக்கும் சம்பளம் வேண்டுமாம்.

"வீட்ல உக்காந்திருக்கிறதுக்குச் சம்பளமா?"

"நான் வர்றேன்னுதானே சொன்னேன். வராதேன்னது நீங்க."

வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "உன் கல்யாணத்துல வாசல்ல நின்னு வரவேற்றவன்டா நான்!"

"மறக்கலண்ணே. அது வேற, இது வேற."

கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்களிடம் நான் சொல்வது அது. என்னிடமே கற்றுக்கொண்டு என் முகத்திலேயே...

மார்ச் 10
கணக்குப் பார்ப்பவள் என் மனைவி. அவனுடைய நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தாள். 'நோட்டீஸ் கொடுத்தவரை முன்பே நிறுத்தினால் மீதி நாளுக்கும் சம்பளம். எடுக்காத விடுப்புக்கும் உண்டு.' என் கையெழுத்து. யாரும் கேட்காமல் நானே சேர்த்த வரி. முன்பு நான் வேலை பார்த்த டைல்ஸ் குடோனில், நோட்டீஸ் கொடுத்த அன்றே என்னை வெறுங்கையோடு துரத்தினார்கள். பாக்கிக்காக எத்தனை நடை நடந்தேன்!

"அந்த முதலாளிய இன்னும் திட்டுறீங்களே. இனிமே கண்ணாடியப் பாத்துத் திட்டுங்க" என்றாள்.

மார்ச் 12
கொடுத்துவிட்டேன், ஒரு நாள் குறையாமல். பதினோரு வருஷத்தில் என் எதிரில் அவன் சம்பளத்தை எண்ணியதில்லை. இன்று எண்ணினான். இரண்டு தடவை.

துரோகிதான். ஆனால் பணம் அவனுடையது.

மார்ச் 21
பல் டாக்டர் கிளினிக்கில் அவன் கலந்து கொடுத்த பச்சையில் பாதிச் சுவர் அடித்தாயிற்று. மீதிக்கு அதே பச்சை வேண்டும். புது ஆள் நாலு தடவை கலக்கினான். "சுவரைப் பாத்தா எனக்கே பல் வலிக்குதுங்க" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 2 வரை அவனுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மாதம். அதில் ஒரு நாளைக்கூட நான் பயன்படுத்தவில்லையே! இப்போதும் ஒரு போன் போதும், வந்து சொல்லிக் கொடுப்பான்.

போட மாட்டேன். யார் முகத்தில் யார் விழிப்பது – என் முகத்தில் அவனா, அவன் முகத்தில் நானா?

ஏப்ரல் 2
போன் போடவில்லை.

ஏப்ரல் 5
டாக்டர் கெடு வைத்துவிட்டார். நானே ரோட்டைக் கடந்து எதிர் கடைக்குப் போனேன். கலவை மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். டாக்டரின் பச்சை என்றேன், வேறெதுவும் கேட்காமல் கலந்தான். அதே பச்சை. இரண்டு வாளி.

"உங்களுக்குப் பத்து சதவீதம் குறைச்சுக்கலாம்ண்ணே."

"அது வேற, இது வேற" என்றேன்.

முழு விலை கொடுத்து, வாளிகளை நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.