தோழர்னு கூப்ட்ட காலம்

மாமு,

சங்கம் இருந்த வரைக்கும் உன்ன தோழர்னு கூப்ட்டேன். அது ஒரு வருசம்கூட ஓடல. இப்ப பழையபடி மாமுன்னே எழுதறேன், கோச்சிக்காத.

நேத்து திருவொத்தியூர்ல நாம வேல செஞ்ச கன்டெய்னர் யார்டு பக்கம் போனேன். கேட்டாண்ட நாம நட்ட கொடிக்கம்பம் அப்டியேதான் கீது. வாட்ச்மேன் அதுல கயிறு கட்டி சட்ட காயப்போட்டுகினு கீறான்.

சங்கத்துக்கு பேர் வைக்கவே எவ்ளோ பேஜாரு. உனக்கு தேசியம் வேணும், எனக்கு சமதர்மம் வேணும். ரெண்டையும் எழுதனா போர்டுல எடம் பத்தல. அன்னிக்கு சிரிச்சோம்.

அப்புறம் கன்டெய்னர் சரிஞ்சி நம்மகூட லோடு எறக்கின அந்த ஒடிசாக்காரன் செத்தான். கொடிய அரைக்கம்பத்துல எறக்கலாம்னு நான் போனேன். "வெளியூர்க்காரன சங்கத்துலயே சேக்கல, அவனுக்கு இன்னாத்துக்கு கொடிய எறக்கணும்"னு நீ கயித்த வுடாம புடிச்சிகின. சங்கம் அங்கயே ரெண்டாச்சி. கம்பெனிக்கு வேல சுலுவாப்பூட்ச்சி, ரெண்டு பக்கத்தையும் வூட்டுக்கு அனுப்பிட்டான்.

நீ சூரத்துக்கு வேலைக்குப் போறேன்னு என் வூட்டுக்காரி கௌசர் சொல்லிச்சி. குளிருமாம், போர்வ எடுத்துக்க. பாஷ தெரியலன்னு கூச்சப்படாத. அந்த ஒடிசாக்காரன் நம்மகிட்ட கைய வாயாண்ட வெச்சி தண்ணி கேப்பானே, அப்டி கேளு.

அங்க சங்கம்னு ஒண்ணு இருந்தா, உன்ன சேத்துக்கணும்னு துவா செஞ்சிகினு கீறேன்.

உன் தோஸ்து